பேர்லயே உப்பு இருக்கு, சரி... மத்ததெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? கடலூர் - சிதம்பரம் தண்ணீரின் கெமிஸ்ட்ரி

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, உப்பனாறு, வெள்ளாறு, மணிமுக்தா, கொள்ளிடம். கடலூர் மாவட்டத்தோட ஆறுகளை எண்ண ஒரு கை விரல் பத்தாது. போதாக்குறைக்கு வீராணம் ஏரி. 2004-லிருந்து சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியாகச் சென்னைக்கே தண்ணீர் அனுப்புகிற ஏரி அது.

ஆனால், கடலூர் முதுநகரிலோ சிதம்பரம் கீழவீதியிலோ ஒரு வீட்டு கிச்சனை எட்டிப் பாருங்க. மூலையில் 20 லிட்டர் கேன் இருக்கும். இல்லைன்னா சுவரில் ஆர்.ஓ மெஷின் மாட்டியிருக்கும். ஏன்னு கேட்டா, பதில் ஒரே வரிதான்: "இங்க தண்ணி உப்புங்க. கடலோரம்ல, அப்படித்தான் இருக்கும்."

அந்த பதில் பொய் இல்லை. ஆனா முழு உண்மையும் இல்லை. உப்பனாற்றுக்குப் பேரிலேயே உப்பு இருக்கு, ஒத்துக்கலாம். அதே தண்ணியில் இருக்கிற நைட்ரேட், சாயம், பாதரசத்துக்கெல்லாம் எந்தப் பேரு? இயற்கை போட்டது எது, நாம போட்டது எது என்று பிரிச்சுப் பார்க்கத் தெரியாத வரைக்கும், "இது இயற்கைங்க" என்ற ஒரு வார்த்தையை வெச்சே எல்லாக் கேள்வியையும் மூடிவிடலாம். கொஞ்சம் பிரிச்சுத்தான் பார்ப்போமே!

ஆறு எங்கே கெமிஸ்ட்ரி படிக்குது?

மழைத்துளி கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். தரையைத் தொட்ட பிறகுதான் அது 'கனக்க' ஆரம்பிக்கிறது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு லேசான அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. பாறையில் என்ன இருக்கிறதோ அது தண்ணீருக்கு வருகிறது.

1970-ல் ரொனால்டு கிப்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி உலகத்து ஆறுகள், ஏரிகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தார். இயற்கை நீரின் உப்புகளை முக்கியமாக மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்றார்: மழை கொண்டுவருவது, பாறை கரைந்து தருவது, வெயில் ஆவியாக்கி மிச்சம் வைப்பது. நிலத்தடி நீரைப் படிக்கிறவங்க இன்னிக்கும் முதலில் எடுக்கிற வரைபடம் அதுதான்.

வெள்ளாற்றையே எடுத்துக்கோங்க. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து உருவாகிற ஆறு. சேலம், கல்வராயன் மலைப் பக்கத்துப் பழைய கருங்கல் பாறைகள்தான் அதன் முதல் வாத்தியார். அந்தப் பாறைகள் சீக்கிரம் கரையாது. கொஞ்சம் சோடியம், கொஞ்சம் சிலிக்கா, அவ்வளவுதான் தரும். கீழே வர வர, அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமி. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடலடியாக இருந்து, இப்போது சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி போடுகிற நிலம். சுண்ணாம்புக்கல் தண்ணீரில் சுலபமாகக் கரையும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் ஏறும். சோப்பு நுரைக்காத, குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிற 'கடினத் தண்ணி' இதுதான்.

நெய்வேலி, பண்ருட்டி பக்கம் போனால் கதையே வேற. அங்கே செம்மண்ணும் 'கடலூர் மணற்கல்' என்று புவியியல் புத்தகங்களில் பேர் வாங்கிய பாறையும்தான். பல லட்சம் வருட மழையில் கரைய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே கரைந்து போன மண் அது. பொதுவாக அங்கே தண்ணீர் மென்மையாக, லேசான புளிப்புத்தன்மையோடு இருக்கும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வளர்கிற மண் இதுதான்.

இதுவரைக்கும் எல்லாமே இயற்கை. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இனிமேல்தான் நாம உள்ளே வர்றோம்.

ஒரே மூட்டை யூரியா, ரெண்டு முடிவு

நிலத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது மட்டும் தண்ணீரைத் தீர்மானிப்பதில்லை. அந்த நிலம் அதற்கு எப்படி பதில் சொல்கிறது என்பதும் முக்கியம்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் களிமண் வயலில் நெல் போடுறாங்க. தண்ணீர் தேங்கி நிற்கும் சேற்றில் ஆக்சிஜன் இருக்காது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் அனுப்பிவிடும். வயலே ஒரு சின்ன சுத்திகரிப்பு நிலையம் மாதிரி வேலை செய்யும்.

அதே யூரியாவை மணல் கலந்த செம்மண்ணில், கரும்புக்கோ காய்கறிக்கோ கொட்டினால்? தண்ணீர் தேங்காது, விறுவிறுவென்று இறங்கும். நைட்ரேட் மண்ணில் ஒட்டிக்கொள்ளாது, தண்ணீரோடு சேர்ந்து கிணற்றுக்குப் போய்விடும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. இதில் தளர்வே கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைத்துவிடும் என்பதுதான் காரணம்.

உரம் மட்டும்தானா? கழிவறைக் குழியும் சாக்கடையும்கூட நைட்ரேட் தரும். கூடவே குளோரைடும் தரும். ஆக, கடலிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றில் ரெண்டும் சேர்ந்தே ஏறினால், 'கடல் வந்துடுச்சு' என்று சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் செப்டிக் டேங்கை எட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

உப்பு யாரோடது? கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு!

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்புகள். அதில் குளோரைடு மட்டும் 19,000 வரும். இப்போ ஒரு சின்னக் கணக்கு. 98 லிட்டர் நல்ல கிணற்று நீரில் 2 லிட்டர் கடல்நீர் கலந்தால் என்ன ஆகும்? லிட்டருக்கு 700 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். குளோரைடு மட்டும் 380 ஏறும். விரும்பத்தக்க வரம்பே 250தான். வெறும் ரெண்டு சதவிகிதம், ஒரு கிணறு காலி!

ஆனால், ஒரு தண்ணீரில் இருக்கும் உப்பு கடலிலிருந்து வந்ததா, பாறையிலிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் வேதியியல் போலீஸ் வேலை பார்க்கிறது. கடல்நீரில் 100 குளோரைடு அணுவுக்குச் சுமார் 86 சோடியம் அணு இருக்கும். உலகத்தின் எந்தக் கடலில் அள்ளினாலும் கிட்டத்தட்ட இதே ஜோடிக் கணக்குதான். கருங்கல் பாறை கரைந்தால் சோடியம் வரும், குளோரைடு வராது. அப்போது சோடியத்தின் கை ஓங்கும். கடல் புதிதாக நுழையும் இடத்திலோ, களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளியே விடும். சோடியம் 86-க்கும் கீழே இறங்கும். கைரேகை மாதிரி இது. உப்பு எந்தப் பக்கமிருந்து வந்ததுன்னு காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, கடல் உள்ளே வந்தால் அது இயற்கைதானே? அங்கேயும் ஒரு 'ஆனால்' இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலோரக் கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்தது இயற்கை. ஆனால், கொள்ளிடத்தில் மணலை அள்ளி அள்ளி ஆற்றின் படுகை தாழ்ந்ததும், மேலேயிருந்து வரவேண்டிய நல்ல தண்ணீர் குறைந்ததும், கரையோரத்தில் போர்வெல் போட்டு உறிஞ்சியதும் இயற்கை இல்லை. நல்ல தண்ணீர் கடலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கணும். அந்தத் தள்ளு குறைஞ்சா, கடல் உள்ளே வரும். கடல் வந்ததுதான் கண்ணுக்குத் தெரியும், கதவைத் திறந்துவிட்டது நாமதான் என்பது தெரியாது.

பிச்சாவரம் சேற்றின் வாசனை

பிச்சாவரத்தில் போட்டில் போயிருக்கீங்களா? செல்ஃபி எடுக்கும்போது அழுகிய முட்டை மாதிரி ஒரு வாசனை வந்திருக்கும். முகம் சுளிக்காதீங்க, அது ஆரோக்கியமான அலையாத்திக் காட்டின் வாசனைதான்.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தக் காட்டின் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அந்த சல்பைடு, தண்ணீரில் வரும் பல உலோகங்களைப் பிடித்து சேற்றிலேயே பூட்டி வைக்கிறது. ஆற்றில் நாம் கொட்டுவதில் ஒரு பங்கை இந்தக் காடு சத்தமில்லாமல் லாக்கரில் போட்டு வைத்திருக்கிறது. 2022-ல் பிச்சாவரத்துக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. சுற்றுலாத் தலமாக மட்டும் அதைப் பார்க்கிறவங்களுக்கு இந்த வேலை தெரியாது.

லாக்கரை உடைத்தால் என்ன ஆகும்? இந்த மாதிரிச் சேற்றைத் தோண்டிக் காற்றில் போட்டால் சல்பைடு கந்தக அமிலமாக மாறும். பூட்டி வைத்த உலோகங்கள் திரும்பத் தண்ணீருக்கு வரும். கடலோரத்தில் இறால் பண்ணைக் குட்டைகள் வெட்டும்போது வரும் சிக்கல்களில் இதுவும் ஒன்று. குட்டையின் உப்புநீர் பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் கசிவது இன்னொன்று. இதை எதிர்த்துக் காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு, கடலோர இறால் தொழிலுக்குக் கடிவாளம் போட்டது. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனி ஆணையச் சட்டமே வந்து, பண்ணைகள் மறுபடி முறைப்படுத்தப்பட்டன. உப்பு யாருடைய வயலுக்குள் வரலாம் என்பது அறிவியல் கேள்வி மட்டும் இல்லை, அரசியல் கேள்வியும்கூட என்பதற்கு இது சாட்சி.

நெய்வேலி: தண்ணி தேடினா, நிலக்கரி வந்துச்சு

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் என்.எல்.சி உருவானது. தண்ணீர் தேடிய இடத்தில் நிலக்கரி கிடைத்தது என்பது முரண் என்றால், அதைவிடப் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. அந்த நிலக்கரியை எடுக்க, தண்ணீரை வெளியேற்றியே ஆகணும்.

நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. மேல்மண்ணை எடுத்துவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் இரவு பகலாக பம்ப் ஓடிக்கொண்டே இருக்கணும். அப்படி வெளியேற்றும் நீர் வாலாஜா ஏரிக்கும் வாய்க்கால்களுக்கும் போகிறது. அதை நம்பி நெல் விளைவிக்கும் விவசாயிகளும் இருக்கிறார்கள். சுரங்கத் தண்ணீர் வேண்டாம் என்று அவர்களால் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இங்கே வில்லன், ஹீரோ என்று பிரிப்பது சினிமாவில் மட்டும்தான் சாத்தியம்.

ஆனால், நிலக்கரியைத் தோண்டுவது, அதை எரிப்பது, சாம்பலைக் குவிப்பது, இந்த மூன்றுமே தண்ணீரின் வேதியியலை மாற்றும். நிலக்கரியில் இருக்கும் கந்தகம் காற்றுபட்டு சல்பேட்டாகும். எரிக்கும்போது பாதரசம் வெளியே வரும். 2023 ஆகஸ்டில் 'பூவுலகின் நண்பர்கள்', 'மந்தன் அத்யயன் கேந்திரா' அமைப்புகள் ஓர் அறிக்கை வெளியிட்டன. வடக்கு வெள்ளூரில் எடுத்த நிலத்தடி நீரில் பாதரசம் வரம்பைவிட 250 மடங்கு இருந்ததாக அது சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்தப் பிரச்னையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், 2023 ஜூலையில், பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிர் மேலேயே இயந்திரங்கள் இறங்கின. அந்த வீடியோ உங்க போனுக்கும் வந்திருக்கும். பயிர் அழிந்ததை எல்லோரும் பார்த்தோம். ஓர் ஆற்றின் பாதையை மாற்றினால், அது தொடுகிற மண் மாறும், அதில் சேரும் நீர் மாறும், கெமிஸ்ட்ரியும் மாறும். அதைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

உப்பனாறு: அலை போகும், கழிவு திரும்பும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் பஸ்ஸில் போனால், மூக்கே சொல்லிவிடும் சிப்காட் வந்துவிட்டது என்று. 1980-களில் தொடங்கிய தொழிற்பேட்டை. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் சார்ந்த ரசாயன ஆலைகள். பக்கத்திலேயே உப்பனாறு. நடுவில் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று மக்கள் வாழும் ஊர்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளின் பட்டியலைப் போட்டபோது, அதில் கடலூரும் இருந்தது.

உப்பனாற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கடல் ஏற்றம் வரும்போது தண்ணீர் உள்ளே வரும், இறக்கத்தில் வெளியே போகும். ஆற்றில் விழும் எதுவும் ஒரே மூச்சில் கடலுக்குப் போய்விடாது, முன்னும் பின்னும் ஊசலாடும். உப்புநீரைத் தொட்டதும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கனத்து, அடியில் உட்காரும். அந்தத் துகள்களில் ஒட்டியிருக்கும் உலோகமும் சேர்ந்தே உட்காரும். மேலே தண்ணீர் தெளிவாகத் தெரியும், அடியில் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அந்த அடிச்சேற்றில்தான் நண்டும் இறாலும் மேய்கின்றன. அதுதான் மீனவர்களின் வலைக்கும் நம் தட்டுக்கும் வருது.

2025 மே மாதம் குடிகாட்டில் ஓர் அதிகாலை. சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் கழிவுநீர் புகுந்தது. பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதை யாரும் 'இயற்கை' என்று சொல்ல முடியவில்லை. ஏன்னா அது ஒரே ராத்திரியில், கண் முன்னால் நடந்தது. அதே விஷயம் சொட்டுச் சொட்டாக முப்பது, நாற்பது வருடம் நடந்தால், அதுக்குப் பேர் 'எங்க ஊர் தண்ணியே இப்படித்தாங்க' என்று ஆகிவிடுகிறது.

டி.டி.எஸ் மீட்டர் சொல்லாத விஷயம்

ஆர்.ஓ விற்க வருகிறவர் கையில் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருக்கும். தண்ணியில் வைத்ததும் எண் வரும். 'பாருங்க சார், 900!' என்பார். வாங்கிடுவோம்.

டி.டி.எஸ் என்பது கரைந்திருக்கும் மொத்த உப்பின் தோராயமான அளவு. 500 வரை விரும்பத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்பது தர வரம்பு. மொத்தம்தான் தெரியும், உள்ளே யார் யார் என்று தெரியாது. அரியலூர்ச் சுண்ணாம்பும் வங்கக் கடல் உப்பும் சாக்கடை நைட்ரேட்டும் அந்த மீட்டருக்கு ஒண்ணுதான். பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். மீட்டரில் வரக்கூடிய மிகச் சின்ன எண்ணே 1. அதாவது, 1,000 மடங்கு பாதரசம் இருந்தாலும் அந்த மீட்டரில் ஒரே ஓர் எண்தான் நகரும்!

எண் குறைந்தால் நல்லது என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கடலூரை மூழ்கடித்தது. மழைவெள்ளத்தில் உப்பெல்லாம் நீர்த்துப் போய் டி.டி.எஸ் இறங்கிவிடும். ஆனால், ஊர்ச் சாக்கடை, வயல் மருந்து, கழிவுக்குழி எல்லாம் அதிலேதான் கலந்திருக்கும். மே மாதம் வெயிலில் வற்றிய ஆறும், நவம்பர் வெள்ளத்து ஆறும் ஒரே ஆறு கிடையாது. வருடத்தில் ஒரு நாள் மாதிரி எடுத்துவிட்டு 'வரம்புக்குள் இருக்கு' என்று யாராவது சொன்னால், 'எந்த மாசம் எடுத்தீங்க?' என்று கேளுங்க.

நாம என்ன செய்யலாம்?

முதலில், மீட்டரை நம்பி மெஷின் வாங்காதீங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடம் உண்டு. கட்டணம் கட்டினால் உங்க வீட்டுத் தண்ணீரையும் சோதிப்பாங்க. நைட்ரேட், குளோரைடு, ஃப்ளோரைடு, கடினத்தன்மை என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்க. ஒரு முறை கோடையில், ஒரு முறை மழை முடிந்ததும். தொழிற்பேட்டை, சுரங்கம் பக்கத்தில் இருந்தால் கன உலோகப் பரிசோதனை முடியுமா என்று சேர்த்துக் கேளுங்க.

ரெண்டாவது, ஆர்.ஓ தேவையா என்று அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க. சாதாரண வீட்டு ஆர்.ஓ, உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கழிவாக வெளியே தள்ளும். டி.டி.எஸ் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ-வைத் தடைசெய்யச் சொல்லி 2019-ல் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது.

மூன்றாவதுதான் முக்கியம். கிராம சபையிலோ, வார்டு கவுன்சிலரிடமோ, தகவல் அறியும் உரிமை மனுவிலோ 'தண்ணி சரியில்லை' என்று மட்டும் எழுதாதீங்க. அதற்கு 'கடலோரம், அப்படித்தான்' என்ற பதில் தயாராக இருக்கு. 'எங்க கிணற்றில் நைட்ரேட் எவ்வளவு? சோடியம், குளோரைடு விகிதம் என்ன? கடைசியாக எப்போ, எங்கே பாதரசம் சோதிச்சீங்க?' என்று கேளுங்க. அந்தக் கேள்விகளுக்கு 'இயற்கை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

கேன் தண்ணிக்கு மாசம் மாசம் நீங்க கொடுக்கிற காசு, யாரோ கட்டாமல் விட்ட பில். அந்த பில்லில் கடலின் பங்கு எவ்வளவு, பாறையின் பங்கு எவ்வளவு, பேர் போடாமல் தப்பிச்சவங்க பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வேதியியல் நம்மிடம் இருக்கு. கேட்கிற ஆள்தான் வேணும்!